பழைய தச்சுக் கருவிகளில் துரு நீக்கம்: கேள்வி பதில்

கேள்வி: ஆறேழு பழைய உளிகள், முழுக்கத் துரு. வினிகரா, சிட்ரிக் ஆசிட்டா?

சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம் போதும். அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடுங்கள்; பிசுக்கு இருக்கும் இடத்தில் ஆசிட் வேலை செய்யாது. பிடியைக் கழற்றிவிட்டு உளி முழுசும் மூழ்கும்படி போடுங்கள். பாதி மூழ்கினால் நீர்மட்டம் தொடும் இடத்தில் கோடு போட்டதுபோல் அரித்துவிடும். இரண்டு மணிக்கொரு முறை எடுத்து பிரஷால் தேயுங்கள். துரு போனதும் எடுத்துவிட வேண்டும்; மறந்து இரண்டு நாள் விட்டால் நல்ல எஃகையும் தின்னும். மேலே படியும் கறுப்புப் பொடி தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: அப்படித்தான் செய்தேன் சார். காலையில் பார்த்தால் மறுபடி ஆரஞ்சு நிறம்!

துணியால் துடைத்து வைத்திருப்பீர்கள். ஆசிட்டிலிருந்து வந்த இரும்பு வெறும் மேனியாக நிற்கிறது. துளி ஈரம் போதும், நிமிடங்களில் துரு பூக்கும். எடுத்த கையோடு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் முக்கி, அலசித் துடைத்து, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடுவரை உலர்த்துங்கள். சூடு ஆறுமுன் தையல் மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும்.

கேள்வி: கழிப்பறை கழுவும் ஆசிட் வீட்டிலேயே இருக்கிறதே?

அதைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி, அந்த அறையில் துரு இல்லாத கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: சோடா நீரில் கருவியையும் ஒரு தகட்டையும் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்கும் முறையில், தகட்டுக்குப் பதில் ஸ்டீல் கரண்டியை பாசிட்டிவில் மாட்டலாமா?

கூடவே கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் இறங்கும். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். சாதாரண இரும்புத் தகடோ கம்பியோ போதும். பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா (உப்பு போடாதீர்கள், குளோரின் கிளம்பும்). 12 வோல்ட் கார் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கருவிக்கு, பாசிட்டிவ் தகட்டுக்கு. மாறிப்போனால் கரைவது கருவிதான். இரண்டும் ஒட்டக்கூடாது. தகட்டைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் இடையில் திருப்புங்கள், அல்லது இரண்டு பக்கமும் தகடு வையுங்கள். வரும் குமிழி ஹைட்ரஜன்: திறந்த இடம், நெருப்பு கூடாது, கிளிப்பைக் கழற்றுமுன் சுவிட்சை அணையுங்கள். அலுமினிய பாகம் இருந்தால் கழற்றிவிடுங்கள், சோடா அதை அரிக்கும். பேட்டரி இணைந்தால் மட்டும் ஓடும் புது வகை சார்ஜர்கள் இதற்கு உதவா. இழைப்புளி உடலின் கறுப்புப் பூச்சு இதில் உரியலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வட்ட ரம்ப மெஷினின் வார்ப்பிரும்பு மேசைக்கு?

ஊறவைக்க வழியில்லை. மண்ணெண்ணெய் தெளித்து, ஷேவிங் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். பிறகு 320 நம்பர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி ஒரே திசையில். கையால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும், மரம் நேராக ஓடாது. சிவப்பு போனால் போதும், கருங்கறை இருக்கட்டும். முடிவில் மெழுகு. சிலிக்கோன் கலந்தது கூடாது: பலகையில் ஒட்டி, பின்னால் வார்னிஷ் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும்.

கேள்வி: துரு போயும் உளி கூர் நிற்கவில்லை.

முதுகுப் பக்கம் (சரிவில்லாத தட்டைப் பக்கம்) பாருங்கள், முனையருகே ஊசிக்குத்துப் பள்ளங்கள் இருக்கும். அங்கே விளிம்பு பற்பல்லாக உடையும். முதுகை முழுசும் தேய்க்க வேண்டாம், முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தட்டையானால் போதும். பள்ளம் ஆழமென்றால் அந்த அளவு முனையையே சாணை பிடித்துக் குறையுங்கள். சாணையில் சூடேறி முனையில் நீலம் ஓடினால் கடினத்தன்மை போய்விட்டது. நீலம் தாண்டி மறுபடி அரைக்க வேண்டியதுதான்.