ஒரே இடம், வேறு வேறு கண்கள்: வீடியோ பற்றிய கேள்வி பதில்

பலருடைய வாழ்க்கையை அவரவர் பார்வையில் வீடியோவாக எடுப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, ஒருவர் தலையில் சின்ன கேமராவை மாட்டிவிட்டால் அவர் பார்ப்பது அப்படியே பதிவாகிவிடுமே, அது போதாதா?

பதில்: போதாது தம்பி. அவர் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியும், மனசு எதில் நின்றது என்று தெரியாது. 1947-ல் வந்த ஓர் அமெரிக்கத் துப்பறியும் படத்தை ஏறக்குறைய முழுக்கவே கதாநாயகனின் கண்ணாகக் கேமராவை வைத்து எடுத்தார்கள். கதைக்குள் அவர் முகத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி குறுக்கே வரவேண்டும். முகம் தெரியாத ஆளோடு ஒட்டுவது கஷ்டம். அவர் பார்ப்பதை எடுங்கள், அப்புறம் அதைப் பார்க்கிற அவர் முகத்தையும் எடுங்கள்.

கேள்வி: அவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தோம். ஒரே ஆட்டம். நாங்களே எடுத்துவிடலாமா?

பதில்: ஆடினால் ஆடட்டும். ஒருமுறை ஒரே கட்டடத்தில் வேலை செய்யும் மூன்று பேரிடம் போனைக் கொடுத்து, அங்கிருந்த நடைவழியை எடுக்கச் சொன்னேன். மேலாளர் அறைக்கதவுகளை வரிசையாக எடுத்தார். காவலாளி வாசலை விட்டுக் கேமராவை நகர்த்தவே இல்லை. துப்புரவு வேலை செய்யும் அம்மா எடுத்ததில் முழுக்கத் தரைதான். துடைத்த ஈரம் காயும் முன்பே மிதித்துப் போகும் செருப்புகள், ஷூக்கள், மறுபடியும் செருப்புகள். ஒரு முகம்கூட இல்லை. நான் எடுத்திருந்தால் அந்த அம்மாவின் முகத்தைத்தான் கிட்டத்தில் காட்டியிருப்பேன். அந்தச் செருப்புகள் எனக்குத் தோன்றியே இருக்காது.

கேள்வி: சரி, எடிட்டிங்காவது நாங்கள் செய்யலாமா?

பதில்: செய்யலாம், அவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு. கனடாவின் ஃபோகோ தீவில் 1967-ல் நடந்தது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். மீன்பிடித்து வாழ்ந்த மக்களை அங்கிருந்து வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு நடந்த காலம். அவர்கள் தங்கள் பிரச்சினைகளைப் பேசியதைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து, முதலில் அவர்களுக்கே காட்டினார்கள். வேண்டாம் என்று சொன்ன பகுதியை நீக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அதிகம் கலந்து பேசாத ஊர்கள் ஒன்றின் கவலையை இன்னொன்று திரையில் கேட்டன. அமைச்சர்களும் பார்த்தார்கள். மக்கள் தீவிலேயே தங்கினார்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கமும் உருவானது. படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பேச்சுக்கு அவை பெரிய துணை.

கேள்வி: குழந்தையின் பார்வையைக் காட்ட என்ன செய்யலாம்?

பதில்: கேமராவை இறக்குங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றாலும் அவர் கண்மட்டம்தான் கணக்கு.

கேள்வி: பல போன்களில் எடுத்ததைச் சேர்த்தால், போகப் போக ஒலி விலகுகிறது.

பதில்: பல போன்களில் பதிவின்போதே பிரேம் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு, ஏறி இறங்கும். எடிட்டிங்குக்கு முன் எல்லாவற்றையும் 25 அல்லது 30 என ஒரே நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றுங்கள். எல்லாப் போன்களும் ஓடத் தொடங்கியதும் ஒருவர் பலமாக ஒரு கை தட்டட்டும், அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்திவிடலாம்.

கேள்வி: சம்மதித்தவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால்?

பதில்: அவர் வரும் பகுதியை நீக்கிவிடுங்கள். வெளியே போன வீடியோவைத் திரும்பப் பிடிக்க முடியாது, அவர் அதோடுதான் வாழவேண்டும். நான் நான்கு பேரை வைத்துச் செய்த ஒரு படத்தில் ஒருவர் விலகினார். இருந்ததிலேயே நல்ல பகுதி அவருடையதுதான். மூன்று பேரோடு வெளியிட்டோம்.