பாட்டு முதலில், கேமரா அப்புறம்: மாணவர் மியூசிக் வீடியோ கேள்வி பதில்

மதுரையில் பன்னிரண்டு வருஷமாக எடிட்டிங் செய்கிறேன். மாணவர் குழுக்களோடு ஷூட்டிங்குக்கும் போவேன். கல்லூரி ப்ராஜெக்டாக மியூசிக் வீடியோ எடுக்கும் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஷூட்டிங்குக்கு நாள் குறித்துவிட்டோம். பாட்டு இன்னும் முடியவில்லை. ரஃப் டிராக்கை வைத்து எடுத்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா? (திருமங்கலம் மாணவர்)

பதில்: நாளைத் தள்ளி வையுங்கள் தம்பி. இதில் நான் பட்டது இன்னும் மறக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குழுவோடு கீழக்குயில்குடியில் இரண்டு நாள் எடுத்தோம். கையில் இருந்தது ரஃப் டிராக், அதாவது முடிவாகாத மாதிரிப் பதிவு. டெம்போ 92, அதாவது நிமிஷத்துக்கு 92 தாளத் தட்டு. எடுத்து முடித்த பிறகு, பாட்டு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று இசையமைத்த பையன் 95 ஆக்கிவிட்டான். காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் நாலு நிமிஷப் பாட்டு ஏழரை வினாடி சுருங்கிப் போயிருந்தது. நீளமான ஷாட் எல்லாவற்றிலும் உதடு பாட்டோடு சேராமல் நழுவியது. சரி, ஷாட்டை மூன்று சதவீதம் வேகமாக்கினோம். உதடு சேர்ந்துகொண்டது. ஆனால் கேமரா மெதுவாக நகர்ந்த இடங்களில் வினாடிக்கு ஒரு விக்கல் வர ஆரம்பித்தது, ஏனென்றால் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய வினாடிக்கு ஒரு ஃப்ரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்று) காணாமல் போகும். அந்த விக்கல்களை மறைக்கவே ஒரு வாரம் ஆனது.

ஷூட்டிங்குக்கு முன் முடிவாக வேண்டியவை டெம்போ, பாட்டின் அமைப்பு, பாடகரின் குரல். அமைப்பு என்றால் பல்லவி எத்தனை முறை வருகிறது, இடையிசை எவ்வளவு நீளம் என்பது. இவை முடிவானால் போதும், மிக்ஸிங் (ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது) நிதானமாக நடக்கட்டும். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு நாலு பதிப்பு போயிருக்கும். முடிவான ஃபைலை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பழையதை எல்லாருடைய போனிலும் பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சொந்தப் பாட்டு இல்லை. ஒரு சினிமா பாட்டுக்கு நாங்களே படம் எடுத்து யூடியூபில் போடலாமா? (மேலூர் மாணவி)

பதில்: ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு, வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உண்டு. ஏற்றிய உடனே யூடியூப் பெரும்பாலும் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடக்கப்படலாம். அதைவிட எனக்கு வருத்தம் என்னவென்றால், ஒரு பருவம் முழுக்க உழைத்த வேலையை வெளியே காட்ட முடியாமல் போவதுதான்.

உங்கள் கல்லூரியிலேயே மெட்டுப் போடத் தெரிந்த பிள்ளை இருக்கும். வரி கிடைக்கவில்லை என்றால் பாரதியாரிடம் போங்கள். அவர் எழுத்துகள் 1949இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. 1904இல் இதே மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், நம் ஊருக்கு உறவு உண்டு. ஆனால் கவனியுங்கள்: வரிதான் பொது. ஏற்கெனவே பிரபலமான மெட்டு அந்த இசையமைப்பாளருடையது. புது மெட்டுப் போடுங்கள்.

உங்கள் ஊர் நடவுப் பாட்டு, தாலாட்டு எடுத்தாலும் நல்லதுதான். பாடிக் காட்டிய அப்பத்தாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அவர் பெயர் வீடியோவில் வர வேண்டும்.

கேள்வி: ஒன்பது பேர் குழு. ஆளாளுக்கு டைரக்டர். முதல் நாளே சண்டை. (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: ஒன்பது பேருக்கும் யோசனை இருக்கிறது என்பது நல்ல விஷயம். அந்த யோசனைகள் ஷூட்டிங் நாளில் வெளியே வருவதுதான் சிக்கல். அதற்கு முந்தின வாரமே வர வழி செய்யுங்கள்.

நான் செய்ய வைப்பது இது. நாலைந்து சார்ட் பேப்பரை ஒட்டித் தரையில் விரியுங்கள். மேலே ஒரே கோடு, அதுதான் பாட்டு. பத்து வினாடிக்கு ஒரு குறி போடுங்கள். கோட்டுக்குக் கீழே பாட்டின் வரி, அதற்குக் கீழே இடம், யார் தெரிகிறார், என்ன ஷாட். ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்து பாட்டைப் போட்டுப் போட்டு நிரப்புங்கள். ஷாட் ஒன்று சராசரி மூன்று வினாடி என்று வைத்தால் நாலு நிமிஷப் பாட்டுக்கு எண்பது ஷாட் வேண்டும். எண்பது கட்டத்தைப் பார்த்த உடனே பாதிச் சண்டை அடங்கிவிடும். ஒருவர் மூளை போதாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். "எனக்கு இரண்டாம் சரணம் பிடிபடவே இல்லை" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் பென்சிலை வாங்கி வரைந்து காட்டுகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் இந்தப் பிள்ளைகளோடு போகிறேன்.

ஷூட்டிங் நாளில் "ஆக்‌ஷன்", "கட்" சொல்வது ஒரே குரல். கேமராவில் நிற்பவர் ஃப்ரேமைப் பற்றிப் பேசலாம், நடிப்பைப் பற்றி டைரக்டர் காதில் மட்டும் சொல்லலாம். பாட்டைப் போட்டு நிறுத்துவதற்கென்றே ஒருவர் வேண்டும். இதைச் சின்ன வேலை என்று நினைத்து யாரும் ஏற்க மாட்டார்கள். அன்றைக்கு முழு செட்டும் அவர் விரலைப் பார்த்துத்தான் நகரும்.

கேள்வி: சமணர் மலையில் தூரத்து ஷாட்டில் உதடு சேரவே இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது, கேமராவிலும் ஒலி பதிவானது. வேவ்ஃபார்ம் (திரையில் தெரியும் ஒலியின் அலை வடிவம்) பார்த்துத்தான் சேர்த்தோம். தப்பு எங்கே? (நாகமலை மாணவர்)

பதில்: தப்பு உங்களிடம் இல்லை, காற்றில்! ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வினாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில், பதினாலு மீட்டர் தூரத்துக்கு ஒரு ஃப்ரேம் தாமதம். பாடகி பாறை மேல், கேமரா கீழே தாமரைக் குளத்துப் பக்கம், எழுபது மீட்டர் இடைவெளி என்றால் ஐந்து ஃப்ரேம் போய்விட்டது. ஸ்பீக்கர் கேமரா பக்கத்தில் இருந்தால் அவருக்குப் பாட்டு தாமதமாகக் கேட்கும், உதடு பிந்தும். ஸ்பீக்கர் அவர் பக்கத்தில் இருந்தால் கேமராவுக்குத் தாமதம், வேவ்ஃபார்மை நம்பிச் சேர்த்தால் உதடு முந்தும்.

ஸ்பீக்கரைப் பாடுபவர் பக்கத்திலேயே, பாறைக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். எடிட்டிங்கில் வேவ்ஃபார்ம் வைத்துச் சேர்த்த பிறகு "ப", "ம" வருகிற சொல்லைத் தேடுங்கள். உதடு ஒட்டுகிற அந்த ஃப்ரேமைப் பார்த்துத் தேவையான அளவு ஃப்ரேம் நகர்த்திச் சரிசெய்யுங்கள். பாட்டுக்கு முன்னால் நாலு பீப் சேர்த்த ஒரு ஃபைலும் தயார் செய்யுங்கள். திடீரென்று பாட்டு தொடங்கினால் முதல் சொல்லில் எல்லாருடைய வாயும் தடுமாறும்.

அங்கே இருக்கும் சமணச் சிற்பங்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையானவை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நிற்கும் இடத்தைக் குறிக்கப் பாறையில் சாக்பீஸால்கூடக் கிறுக்க வேண்டாம். ஒரு இலையை வைத்து மேலே கூழாங்கல் வைத்தால் போதும்.

கேள்வி: ஸ்லோ மோஷனில் உதடு மட்டும் சரியாகப் பாடுவது எப்படி? (செல்லூர் மாணவர்)

பதில்: வினாடிக்கு 50 ஃப்ரேமில் எடுங்கள், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள். எடிட்டிங்கில் அதை வினாடிக்கு 25 ஃப்ரேமாக ஓட்டினால் உடம்பு மெதுவாக அசையும், உதடு பாட்டோடு சேரும். அந்த வேக ஃபைலை வீட்டிலேயே தயார் செய்து பாடுபவருக்குக் கொடுத்துப் பழகச் சொல்லுங்கள். வரி நெருக்கமாக உள்ள சரணத்தில் இதை முயலாதீர்கள், இழுத்துப் பாடும் வரியில் அழகாக வரும்.

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் போனில் எடுத்தோம். படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. (கே.கே. நகர் மாணவி)

பதில்: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் வினாடிக்கு நூறு தடவை மின்னும், மலிவான எல்இடியும் அப்படித்தான். போன் வழக்கமாக 30 ஃப்ரேமில் எடுக்கும். ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சத்தைப் பிடிக்கும் நேரம்) அது தானாக 1/60 வினாடி போல வைத்தால் இந்த மின்னலோடு பொருந்தாது. 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள், பட்டை போய்விடும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் இதையெல்லாம் கையால் வைக்கலாம். போனின் சொந்தக் கேமரா ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் கொஞ்சம் ஏற்றி இறக்கும், நீளமான டேக்கில் உதடு நழுவ அதுவும் ஒரு காரணம். எடுத்ததில் பட்டை லேசாக இருந்தால் சரிசெய்து பார்க்கலாம். அழுத்தமாக இருந்தால் இன்னொரு விடியற்காலை போய்விடுங்கள் பாப்பா. மல்லிகைக் குவியல் முன்னால் நிற்க யாருக்குக் கசக்கும்?

கேள்வி: பாட்டில் பறை வருகிறது. அலங்காநல்லூர் பக்கம் ஒரு செட்டைப் பேசியிருக்கிறோம். எவ்வளவு கொடுப்பது, எப்படி எடுப்பது? (அலங்காநல்லூர் மாணவர்)

பதில்: நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இதுதான். முதலில் ஒரு சந்தேகம். உங்கள் டிராக்கில் இருக்கும் பறை, கீபோர்டில் வாசித்ததா? அப்படியென்றால் அந்த அண்ணன்மார் கை அதோடு சேராது. உதடு ஒரு ஃப்ரேம் தவறினால் பலருக்குத் தெரியாது, தோலில் குச்சி விழும் நொடி தவறினால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறி மாறி விழும் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் ஒலிப்பதிவுக்கே அவர்களை அழையுங்கள். அவர்கள் வாசித்ததைப் பாட்டில் சேருங்கள், அப்புறம் அதற்கே படம் எடுங்கள்.

பணம்: கோயில் திருவிழாவுக்கு வந்தால் என்ன வாங்குவார்கள் என்று கேளுங்கள், அதைக் கொடுங்கள். இரண்டு நாள் என்றால் இரண்டு நாளுக்கும். மாணவர்கள் என்று அவர்களாகக் குறைத்துக்கொண்டால் சரி, நீங்கள் பேரம் பேசாதீர்கள். அச்சாரம் முன்கூட்டியே கொடுங்கள். வண்டிச் செலவு, சாப்பாடு தனி. நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு, அதே நேரம், அதே பந்தி.

வாசிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு அதையும் எடுங்கள்: தீயின் வெளிச்சத்தில் தோல் இறுகுவதும், ஒருவர் விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பதும், தலையசைப்பதும். நீங்கள் கதை எழுதிச் சேர்க்கும் எந்த ஷாட்டையும்விட அது நன்றாக இருக்கும். ஆனால் காய்ச்சிய பறையை வைத்துக்கொண்டு கேமரா லென்ஸ் மாற்ற அரை மணி நேரம் காக்க வைத்தால் தோல் தளர்ந்துவிடும், அவர்கள் திரும்பவும் தீ மூட்ட வேண்டும்.

கேள்வி: மாசி வீதியில் எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும்? (சிம்மக்கல் மாணவர்)

பதில்: நம் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக இருப்பது ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்த வரம். வடக்கு மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலையிலும் மாலையிலும் வெயில் வீதியின் நீளத்துக்கு வந்து விழும். மாலையில் மேற்கே கேமராவைத் திருப்பினால் நடந்து வருபவர் தலைமுடியெல்லாம் தங்கம். கிழக்கு, மேற்கு மாசி வீதிகளில் காலையில் ஒரு பக்கம் நிழல், மாலையில் மறு பக்கம். அந்த நிழலில் முகத்தை எடுத்தால் மென்மையாக வரும். பதினொன்று முதல் மூன்று வரை எங்கும் எடுக்காதீர்கள், சித்திரை மாசத்தில் சுத்தமாகவே வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு ஜிகர்தண்டாவோடு காலையில் எடுத்ததைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ட்ரோன்? (திருப்பரங்குன்றம் மாணவர்)

பதில்: விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு, உங்கள் பகுதி அதற்குள்தான். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் ட்ரோன் வரைபடத்தைப் பார்க்காமல் எங்கும் பறக்கவிடாதீர்கள், கோயில் கோபுரம் பக்கம் நினைக்கவே வேண்டாம். ஒரு நல்ல மொட்டை மாடி போதும்.

கேள்வி: எடிட்டிங் இரண்டு பேர் செய்கிறோம். எப்படிப் பிரிப்பது? ஃபைல் தொலையாமல் இருக்க? (விளாங்குடி மாணவிகள்)

பதில்: டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு உங்களுக்குத் தாராளம். சரணம் வாரியாகப் பிரிக்காதீர்கள், இரண்டு கை இரண்டு தாளத்தில் வெட்டும். ஒருவர் எல்லா டேக்கையும் பாட்டோடு சேர்த்து, நல்லதைக் குறித்து வையுங்கள். மற்றவர் வெட்டட்டும். பாதியில் இடம் மாறுங்கள். தாளத் தட்டு விழும் இடத்திலெல்லாம் வெட்ட வேண்டும் என்ற பழக்கம் வேண்டாம். பாடுபவர் மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு தடவை வெட்டிப் பாருங்கள்.

ஃபைல்: 4கே, வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிஷத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி கார்டு ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அன்றன்றே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள், இரண்டும் இரண்டு வீட்டில் இருக்கட்டும். இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிப்பது.

கேள்வி: கடைசியில் பெயர் எந்த வரிசையில் போடுவது? (அதே பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: முதல் கூட்டத்தில், சார்ட் பேப்பரின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். யார் என்ன வேலை என்று அங்கேயே இருக்கும். பாட்டை ஓட்டியவர், தண்ணீர் தூக்கியவர், வீட்டு மாடியைக் கொடுத்த அத்தை, எல்லோரும். பறை அண்ணன்மார் பெயரை ஊர்ப் பெயரோடு, எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள். எப்படி எழுதுவார்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ முடிந்ததும் முதலில் அவர்கள் போனுக்கு அனுப்புங்கள்.