‘யெஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

தங்கச்சி, மெல்பர்ன் வந்து நாலு மாதம், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியும் பாட்டி தாத்தாமார் பேசுவதில் பாதி பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும், சீனாவின் செங்டு ஊர்ப் பெண்ணுக்கும் இதே பாடு என்றும், இருவரும் சேர்ந்து ஆங்கில மரபுத்தொடர்ப் புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்த மாதிரிப் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே இருக்கும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ உங்கள் வார்டில் காதில் விழுவது அபூர்வம். கொட்டுகிற மழைக்கு இங்கே ‘பக்கெட்டிங் டவுன்’ என்பார்கள். அதைவிட முக்கியம், பொருள் தெரிவதோடு வேலை முடிவதில்லை. ஒரு தொடரைக் கேட்டதும் என்ன பதில் சொல்ல வேண்டும், எழுந்து போய் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. தொடரையும் பதிலையும் ஜோடியாகவே படியுங்கள்.

முதலில், தவறினால் ஆபத்தில் முடிகிற ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் கேட்கிறார்கள்: ‘யூ ஹேவன்ட் கிவன் ஹெர் டேப்லெட்ஸ் யெட்?’ இன்னும் மாத்திரை கொடுக்கவில்லையா என்று அர்த்தம். நம் வாயில் தானாக வருவது ‘ஆமா, இன்னும் குடுக்கலை.’ கேட்டவர் சொன்னது சரி என்பதற்காக ஒரு ‘ஆமா’. அது ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று விழுகிறது. உங்கள் தோழிக்கும் இதே பழக்கம்தான். சீனத்தில் இப்படிக் கேட்டால் ‘துவெய்’, அதாவது ‘நீங்க சொல்றது சரி’ என்றுதான் தொடங்குவார்கள். ஆங்கிலத்துக்குக் கணக்கு வேறு. அங்கே யெஸ், நோ இரண்டும் கேட்டவரின் பேச்சோடு ஒத்துப்போவதற்கு இல்லை, நடந்ததைச் சொல்வதற்கு. கேள்வி எந்தப் பக்கம் திரும்பி வந்தாலும் கொடுத்தாகிவிட்டதென்றால் யெஸ், கொடுக்கவில்லையென்றால் நோ.

இப்போது பாருங்கள். நீங்கள் ‘யெஸ்’ என்கிறீர்கள், அவர் ‘கொடுத்தாச்சு’ என்று எடுத்துக்கொள்கிறார், அந்த வேளை மாத்திரை தவறிப்போகிறது. இன்னும் மோசமானது மறுபக்கம். மாத்திரை கொடுத்துவிட்டு, ‘இல்லையே, குடுத்துட்டேனே’ என்று மனதில் நினைத்து ‘நோ’ என்று மட்டும் சொன்னால், இரண்டாவது தடவை மாத்திரை போக வழி திறக்கிறது. சார்ட்டில் கையெழுத்து இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள், அவசரத்தில் வாய்ச்சொல்லை நம்பி நகர்கிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. இதற்கு மருந்து எளிது. யெஸ், நோ இரண்டையும் தள்ளிவிட்டு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், நேரத்தோடு: ‘ஐ ஹேவன்ட் கிவன் தெம் யெட்’ அல்லது ‘ஐ கேவ் தெம் அட் எய்ட்.’ இருவரும் தினமும் டீ பிரேக்கில் பத்து நிமிடம் ஒருவரை ஒருவர் எதிர்மறைக் கேள்வியாகவே கேட்டுப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு திரும்பிவிடும்.

இதற்கு ஒட்டுறவாக இன்னொன்று: ‘வுட் யூ மைண்ட் டூயிங் ஹெர் பெட்?’ படுக்கையை மாற்றுவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்பது அதன் நேர்ப் பொருள். ‘யெஸ்’ என்றால் ‘உண்டு, மாட்டேன்’ என்றாகிவிடும். ‘நோ வொரிஸ்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோங்கள். ‘டூ யூ வான்ட் டு ஷவர் மிஸஸ் பிரவுன்?’ என்று பொறுப்பு நர்ஸ் கேட்டால் உங்கள் விருப்பத்தைக் கேட்கிறார் என்று நினைக்கவேண்டாம், வேலை கொடுக்கிறார். ‘வென் யூ கெட் எ சான்ஸ்’ என்றால் இந்த ஷிஃப்டுக்குள். ‘கிவ் அஸ் எ ஹேண்ட்’ என்று ஒருவர் தனியாக நின்று கேட்டாலும் அந்த ‘அஸ்’ அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

தலையாட்டலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பதை இந்த ஊர்க்காரர்கள் ‘இல்லை’ என்றோ ‘தெரியவில்லை’ என்றோ படிக்கிறார்கள். சீனப் பெண்ணின் சிக்கல் வேறு. புரியாதபோதும் அவர் மேலும் கீழும் தலையசைத்துவிடக்கூடும், திரும்பக் கேட்டால் முகம் போய்விடும், அதாவது மானம் போய்விடும் என்ற கூச்சத்தில். ‘லூஸ் ஃபேஸ்’ என்ற ஆங்கிலத் தொடரே சீனத்திலிருந்து போனதுதான். அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: நர்ஸிங்கில் திரும்பக் கேட்பது கௌரவக் குறைவு இல்லை, வேலையின் ஒரு பகுதி. கேட்கும் முறை இதுதான்: ‘ஸோ யூ வான்ட் மீ டு…’ என்று தொடங்கி, புரிந்துகொண்டதை நீங்களே சொல்லிக்காட்டுங்கள். தப்பாக இருந்தால் அவர்கள் அங்கேயே திருத்திவிடுவார்கள். வெறுமனே ‘சாரி?’ என்று கேட்டால் அதே வாக்கியத்தை அதே வேகத்தில் மறுபடி சொல்வார்கள், பயன் இருக்காது.

‘யா, நா’ என்று ஒரே மூச்சில் சொன்னால் குழம்பாதீர்கள். பெரும்பாலும் கடைசிச் சொல்தான் பதில். ‘யா, நா’ என்றால் வேண்டாம், ‘நா, யா’ என்றால் சரி. ‘ஐம் ரைட், தேங்க்ஸ்’ என்பதும் வேண்டாம்தான், டீ கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ‘யூ ரைட்?’ என்று கேள்வியாக வந்தால் உதவி வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

காதுக்கு ஒன்று. ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டுக்கும் நடுவில் ஆஸ்திரேலியர்கள் கடைசி ‘ட்’டை விழுங்கிவிடுவார்கள். உயிரெழுத்தைக் கேளுங்கள்: நெடிலாக ‘கா’ என்று வந்தால் முடியாது என்று பொருள். தமிழ்க் காதுக்கு நெடில் குறில் பிரிப்பது கைவந்தது, அந்த லாபத்தை விடாதீர்கள். சீனப் பொதுமொழியான மாண்டரினில் சொல்லின் முடிவில் ‘ட்’ போன்ற ஒலிகள் வராது என்பதால் உங்கள் தோழி அதைக் கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். அவர் ‘கெனாட்’ என்று முழுசாகச் சொல்லிப் பழகினால் எதிரில் இருப்பவர்கள் தவறாக எடுக்க மாட்டார்கள்.

அவருக்கென்றே இன்னும் இரண்டு இருக்கின்றன, பக்கத்தில் இருந்து கவனித்துச் சொல்லுங்கள். சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹீ’ வந்துவிடும், கேட்பவர் பக்கத்து அறைத் தாத்தாவை நினைப்பார். ஹேண்ட்ஓவரில் ஹீ, ஷீ இல்லாமல் பெயரையும் அறை எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறாது. ‘ஐ கிவ் பேனடால் அட் எய்ட்’ என்றால் கொடுத்தாயிற்றா, எட்டு மணிக்குக் கொடுக்கப்போகிறாரா? மருந்து விஷயத்தில் ‘ஆல்ரெடி’ அல்லது ‘நாட் யெட்’ ஒட்டிக்கொண்டே வரட்டும்.

நமக்கென்று ஒரு பள்ளம் உண்டு. ‘அந்த டவலை எடுங்க’ என்று தமிழில் சொன்னால் அந்த ‘ங்க’விலேயே மரியாதை இருக்கிறது. ‘கிவ் மீ தட் டவல்’ என்று மாற்றும்போது ‘ங்க’ பயணத்தில் தொலைந்துவிடுகிறது, கேட்கிறவருக்கு அதட்டலாக விழுகிறது. நீங்கள் மரியாதை இல்லாதவர் என்று ஒருநாளும் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், மெல்ல ஒதுங்குவார்கள். ‘குட் யூ பாஸ் மீ தட் டவல், பிளீஸ்?’ இதில் ‘குட்’டும் ‘பிளீஸு’ம்தான் உங்கள் ‘ங்க’. சின்ன வேலைக்கும் ‘தேங்க்ஸ்’ சொல்லுங்கள், ஒரே ஷிஃப்டில் முப்பது தடவை சொன்னாலும் மிகையில்லை.

இனி அறைக்குள் இருப்பவர்கள். சாயங்காலம் ‘வாட்ஸ் ஃபார் டீ?’ என்று பாட்டி கேட்டால் தேநீர் அல்ல, ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கேட்கிறார். பழைய தலைமுறையில் சிலருக்கு ‘டின்னர்’ என்றால் மதியச் சாப்பாடு. ‘மார்னிங் டீ’ என்றால் பத்து, பத்தரைக்கு பிஸ்கட், கேக்கோடு வருவது. ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் சிறுநீர் கழிக்கப் போகவேண்டும். ஒரு பென்னி போட்டால் திறக்கும் பூட்டு பொதுக் கழிப்பறைகளில் இருந்த காலத்துப் பேச்சு. பணம் கேட்கிறார், குழம்பியிருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனால் அவர் எழுந்து தானே நடக்கப் பார்த்து விழுவார். ‘வாட்டர்வர்க்ஸ்’ என்றால் சிறுநீர் சமாசாரம், அதில் தொந்தரவு என்றால் தொற்றா என்று பாருங்கள். ‘ஸ்பென்சர்’ என்பது குளிருக்குப் பெண்கள் உள்ளே போடும் பனியன், ‘ஜம்பர்’ என்பது ஸ்வெட்டர், ‘ஃபேஸ் வாஷர்’ என்பது முகம் துடைக்கும் சின்னத் துண்டு. வார்டில் ‘கைலி’ என்று கேட்டால் ஈரம் உறிஞ்சும் படுக்கை விரிப்பு, நம் ஊர் லுங்கி இல்லை.

உடம்பு சரியில்லை என்பதற்குத்தான் சொற்கள் அதிகம்: ‘க்ரூக்’, ‘ஆஃப் கலர்’, ‘அண்டர் த வெதர்’. ‘ஆஃப் ஹெர் ஃபுட்’ என்றால் சாப்பாடு இறங்கவில்லை. இவற்றில் அசட்டையாக விடக்கூடாதது ‘ஷீ ஹேட் எ டர்ன்.’ திரும்பிப் படுத்தார் என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் பிழை. திடீரென்று தலை சுற்றியது, மயக்கம் வந்தது, நினைவு தப்பியது, இதில் எதுவாகவும் இருக்கலாம். கேட்டதும் போய் ரத்த அழுத்தம், நாடி, சர்க்கரை பாருங்கள். பேச்சு குழறுகிறதா, முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் அதை நோட்ஸில் ‘ஹேட் எ டர்ன்’ என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்ததா, கூப்பிட்டால் பதில் வந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கண்டதை எழுதுங்கள். அவர் வாயால் சொன்ன தொடர் முக்கியம் என்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். இந்தத் தொடர்களை எல்லாம் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், நீங்கள் பேசத் தேவையில்லை. வந்த புதிதில் ஒரு பாட்டியின் மகளிடம் ‘யுவர் மம்ஸ் எ பிட் க்ரூக்’ என்று சொன்னால் பொருத்தமாக இருக்காது, ‘ஷீஸ் நாட் வெல் டுடே’ போதும்.

இந்த இடத்தில்தான் சீன மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், காரணம் அவர்கள் பள்ளிப்படிப்பு. நாலு எழுத்தில் ஒரு கதையே அடங்கிய ‘செங்யூ’ என்ற தொடர்களை அவர்கள் நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். பாம்பை வரைந்து கால் சேர்ப்பது என்றால் தேவையில்லாததைச் செய்து கெடுப்பது. மாட்டுக்கு முன்னால் யாழ் வாசிப்பது என்றால் நம் செவிடன் காதில் ஊதிய சங்கு. சீனத்தில் அவற்றைப் பொருத்தமாகக் கையாளுவது படிப்பின் அடையாளம். ஆங்கில வழக்குத்தொடர் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். அது நெருக்கத்தின் அடையாளம், தெரிந்தவர்களுக்குள் தளர்வாகப் பேசுவது. அதனால் நிறைய போட்டால் படித்தவர் போல் தெரியாது, ஒட்டாமல் நிற்கும்.

வாசல் பேச்சு இரண்டு வரியில் முடியும். ‘ஹௌ யூ கோயிங்?’ என்றால் எப்படிப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை, ‘பஸ்ஸில்’ என்று சொல்லவேண்டாம். ‘குட் தேங்க்ஸ், யூ?’ என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போகலாம். ‘சாப்பிட்டீங்களா’ என்று நாம் கேட்பதைச் சீனர்களும் வணக்கம் போலக் கேட்பார்கள், உங்களுக்குள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் கேட்டால் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார்கள். விருந்துக்கு ‘பிரிங் எ பிளேட்’ என்றால் வெறும் தட்டு அல்ல, எல்லாரும் பகிர்ந்துகொள்ள ஒரு பலகாரம் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

படிக்கும் முறை இது. சட்டைப்பைக்குள் போகும் அளவில் ஒரு நோட்டு, பக்கத்துக்கு மூன்று பத்தி: கேட்ட தொடர் காதில் விழுந்தபடி, யார் எந்த நேரத்தில் சொன்னார், அதற்கு என்ன பதில் அல்லது செயல். பெயரும் நோய் விவரமும் எழுதாதீர்கள், ‘காலை ஷிஃப்ட், 80 வயதுக்கு மேல் ஒரு பாட்டி’ என்ற அளவு போதும். அன்றைக்கே, ஷிஃப்ட் முடியும் முன் ஒருவரிடம் கேட்டு மூன்றாவது பத்தியை நிரப்புங்கள், மறுநாள் சூழல் மறந்துவிடும். வாரத்துக்கு ஐந்து போதும். நீங்களும் தோழியும் தனித்தனியாக எழுதி வாரக் கடைசியில் மாற்றிக்கொண்டால் பத்து ஆகும், அவருக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

வீட்டில் சமைக்கும்போது ஏபிசி மெல்பர்ன் வானொலியைப் போடுங்கள், 774 ஏஎம். நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகளில் வயதானவர்கள் நிறையப் பேசுவார்கள், உங்கள் வார்டில் கேட்கும் அதே குரல், அதே தொடர்கள். பல நகராட்சி நூலகங்களில் ஆங்கில உரையாடல் வட்டம் இலவசமாக நடக்கிறது, உங்கள் பகுதி நூலகத்தில் கேளுங்கள். தோழியின் கணவருக்கு ஆங்கிலம் குறைவு, நிரந்தர வசிப்புரிமை விசா என்று எழுதியிருந்தீர்களே, அவருக்கு அரசாங்கத்தின் ஏஎம்இபி, அதாவது குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பு இலவசம். 1948 முதல் நடக்கிறது. முன்பு 510 மணி நேரம் என்று வரம்பு இருந்தது, இப்போது அது இல்லை. உங்கள் இருவருக்கும் மதிப்பெண் அதிகம் என்பதால் அதில் இடம் கிடைக்காது, உங்களுக்கு வார்டும் நோட்டும்தான் வகுப்பு.