சீனத் துறைமுகத்தில் பெயின்ட் டின்னையும் எண்ணுவார்கள்

போன இதழில் சீனத் துறைமுகங்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊரோடு உட்கார்ந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேலை, பதில் எழுதிவிடுகிறேன்.

கே: மகன் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரி) முதல் தடவை கப்பல் ஏறியிருக்கிறான். சீனாவுக்குப் போகிறார்களாம். "அங்க ரூல்ஸ் ரொம்பம்மா, போன் வரலைன்னா பயப்படாதே" என்கிறான். அப்படி என்ன ரூல்ஸ்?
- ஒரு தாய், வேதாரண்யம்

ப: முதலில் போன் விஷயம், உங்களுக்கு அதுதானே கவலை. சீனாவில் வாட்ஸ்அப்புக்குத் தடை, உள்ளூர் சிம் வாங்கிப் போட்டாலும் சாதாரணமாக எடுக்காது. கப்பலில் சாட்டிலைட் இணையம் இருந்து, துறைமுகத்திலும் அதைத் திறந்து விட்டால் பேசுவான். இல்லையென்றால் கப்பல் கிளம்பிய பிறகுதான். ரெண்டு மூணு நாள் சத்தம் இல்லை என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ள வேண்டாம் அம்மா.

ரூல்ஸ் என்றால் பெரும்பாலும் உலகத்துக்கே பொதுவான சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்பு), மார்போல் (கப்பலால் கடல் மாசுபடாமல் தடுப்பது) மாதிரி ஒப்பந்தங்கள்தான். வெளிநாட்டுக் கப்பல் பைலட் (வழிகாட்ட வருகிற உள்ளூர் மாலுமி) இல்லாமல் துறைமுகத்துக்குள் போகக் கூடாது, 10,000 மொத்த டன்னுக்கு மேலே உள்ள கப்பலும் எண்ணெய் டேங்கரும் வருவதற்கு முன்பே எண்ணெய் சிந்தினால் அள்ளுவதற்கு ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், இப்படிச் சில அவர்கள் ஊர் விதிகள். ஆனால் நான் பார்த்தவரை அங்கே ஆளை மாட்டிவிடுவது வேறு ஒன்று. காகிதத்தில் எழுதியதும் கப்பலில் இருப்பதும் ஒன்றாக இருக்கணும், அவ்வளவுதான்.

ஒரு வடசீனத் துறைமுகத்தில் நான் சீஃப் ஆபீசராக (கேப்டனுக்கு அடுத்தவர்) போய் நின்றபோது கப்பலில் உள்ள பொருட்களின் பட்டியலில் பெயின்ட் 46 டின் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். வந்த அதிகாரி டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு டின்னாகத் தொட்டு மூடியில் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொண்டே போனார். பெயின்ட் அறையில் 46 சரியாக இருந்தது. அப்புறம் படிக்குக் கீழே பழைய தார்ப்பாயைத் தூக்கினார், அங்கே இன்னும் மூணு. அந்த மூணு டின்னுக்கு ஒரு விளக்கக் கடிதம், ஒரு அபராதம், என் மத்தியானச் சாப்பாடு எல்லாம் போயிற்று. அந்த மூணையும் அங்கே ஒதுக்கி வைத்தவனே நான்தான், அதை யாரிடம் சொல்ல!

உங்கள் மகன் கையில் வரப்போவது பைலட் ஏணி. பைலட் படகிலிருந்து அந்தக் கயிற்று ஏணியைப் பிடித்துத்தான் ஏறுவார். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் ஏணி மட்டும் போதாது, சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்டணும். கட்டைகள் சமமாக நிற்கணும், அதில் பெயின்ட் அடித்திருக்கக் கூடாது, பக்கத்தில் லைட்டோடு லைஃப்பாய் (உயிர்காக்கும் மிதவை வளையம்) இருக்கணும். கட்டை கோணலாக இருந்தால் பைலட் ஏறவே மாட்டார், படகிலேயே நின்று கத்துவார். அவர் கத்துவது சரிதான். அப்புறம் கரையில் கண்ட இடத்தில் போட்டோ எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், முக்கியமாகக் கடற்படைக் கப்பல் பக்கம் போனைத் திருப்பவே வேண்டாம்.

கே: கப்பல் புகையைக்கூட சோதிக்கிறார்களாமே, நிஜமா?
- ஒரு ஆசிரியர், திருவாரூர்

ப: நிஜம்தான் சார். சோதிப்பது புகைக்குள் இருக்கிற கந்தகத்தை. உலகம் முழுக்க 0.5 சதவீதத்துக்கு மேல் கந்தகம் உள்ள எரிபொருளை எரிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 1இல் விதி வந்தது, சீனா தன் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் அதை ஒரு வருஷம் முன்னாடியே, 2019 ஜனவரி 1லேயே கொண்டுவந்துவிட்டது. யாங்சே ஆற்றுக்குள் நுழைந்தால் 0.1 தான். ஆகவே ஆற்று முகத்துக்கு வருமுன்பே கந்தகம் குறைந்த எரிபொருள் டேங்குக்கு மாற்றி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் மாற்றினோம் என்று லாக் புக்கில் எழுதிவிடணும். அதிகாரி எஞ்சின் அறைக்கே இறங்கி வருவார், நாம் பைப்பைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக் கொடுக்கணும், கையில் கொண்டுவந்த கருவியிலேயே பார்ப்பார். சந்தேகம் வந்தால் பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ட்ரோனைப் புகைக்குழாய் மேலே பறக்கவிட்டு மோப்பம் பிடிக்கிற வேலையும் நடக்கிறது.

கே: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் நெல்லைத் திருப்புகிறார்கள். கப்பல் சரக்குக்கும் இந்தத் தொல்லை உண்டா?
- ஒரு விவசாயி, மன்னார்குடி

ப: உண்டு, அதுவும் உயிர் போகிற தொல்லை. இரும்புத் தாதுத் தூள், நிக்கல் தாது, பாக்சைட் இதெல்லாம் பார்க்க உலர்ந்த மண் மாதிரிதான் இருக்கும். அடைத்துக்கொண்டு கிளம்பினால் எஞ்சின் அதிர்விலும் அலை ஆட்டத்திலும் துகள்கள் நெருங்கி, இடையில் இருக்கிற தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, மொத்தச் சரக்கும் சேற்றுழவு போட்ட வயல் மாதிரி ஆகிவிடும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் சேறும் அந்தப் பக்கம் ஓடும், திரும்பி வராது.

2015 ஜனவரி 2இல் மலேசியாவின் குவாந்தான் துறைமுகத்திலிருந்து சீனாவுக்கு பாக்சைட் ஏற்றிப் போன 'பல்க் ஜூப்பிட்டர்' வியட்நாம் கடலில் இப்படித்தான் கவிழ்ந்தது. 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாத ஈரம் சுமார் 21 இருந்திருக்கிறது. 19 பேரில் தப்பியது சமையல்காரர் ஒருவர் மட்டும்.

அதனால் சரக்கு அனுப்புகிறவர் ஏற்றுவதற்கு முந்தைய 7 நாளுக்குள் எடுத்த ஈரப்பதச் சான்று தரணும். அதை நம்பாத மேட் (சரக்கைக் கவனிக்கிற சீஃப் ஆபீசர்) கையில் ஒரு டப்பா சோதனை இருக்கிறது. அரை லிட்டர், ஒரு லிட்டர் டப்பாவில் பாதி அளவு சரக்கைப் போட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் ஓங்கி 25 தடவை தட்டணும். மேலே தண்ணீர் மினுமினுத்தாலோ குழம்பு மாதிரி ஆனாலோ ஏற்றக் கூடாது, ஆய்வகத்துக்கு அனுப்பணும். மினுமினுக்கவில்லை என்பதற்காக நல்ல சரக்கு என்றும் முடிவு கட்டக் கூடாது. நெல்லைக் காயவைத்து மறுநாள் கொண்டுவரலாம், நடுக்கடலில் பாக்சைட்டை எங்கே காயவைப்பது?

கே: நமக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். அங்கேயும் உண்டா? உங்கள் கப்பல்காரர்கள் எங்கள் படகைக் கண்ணால் பார்க்கிறார்களா இல்லையா?
- ஒரு விசைப்படகுக்காரர், நாகப்பட்டினம்

ப: உண்டு அண்ணே. மே 1 நண்பகலில் தொடங்கும், கடலையும் வலையையும் பொறுத்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை போகும். முடிகிற அன்று எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஷாங்காய்க்குத் தெற்கே ஜோஷான் தீவுகள் பக்கம் இரவில் ரேடார் நாற்றங்காலில் விதை தெளித்த மாதிரி இருக்கும். வலை மிதவையிலும் ஏஐஎஸ் கருவி (படகு இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவிப்பது) கட்டிவிடுவதால் திரையில் படகு என்று தெரிவது பாதி நேரம் வெறும் மிதவை. வலை போட்டிருக்கிற படகுக்குக் கப்பல்தான் விலக வேண்டும், ஆனால் குறுகிய கால்வாயில் படகு கப்பலின் வழியை மறிக்கக் கூடாது, இது அங்கேயும் இங்கேயும் ஒரே சட்டம். பார்க்கிறார்களா என்றால், பார்க்க வேண்டியவர்கள். வாக்கி-டாக்கியை மட்டும் நம்பாமல் விளக்கைப் போட்டு வையுங்கள்.

கே: எலி இருந்தால் கப்பலை விடமாட்டார்களாமே?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

ப: சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், 6 மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கப்பலைக் கட்டுகிற கயிறுகளில் எலி ஏறாமல் வட்டத் தகடு மாட்டுவோம், அது கழன்று தொங்கினாலும் கேள்வி வரும். நான் ஒரு தடவை நம்ம ஊர் மூங்கில் எலிக் கிட்டி ரெண்டு கொண்டுபோய் ஸ்டோர் அறையில் வைத்தேன். எலி மாட்டவில்லை, போசனின் (டெக் ஆட்களின் மேஸ்திரி) கட்டைவிரல்தான் மாட்டியது. நல்லவேளை அது சீனா போகிற பயணம் இல்லை, அந்தக் கிட்டியை எந்தப் பட்டியலில் எழுதிக் காட்டியிருப்பேனோ தெரியாது.