'வித்' என்றால் கூடவா, எதிராகவா?

கேள்வி: அலுவலக அறிக்கையில் 'தி யூனியன் ஃபாட் வித் தி மேனேஜ்மென்ட்' என்று எழுதியிருந்தேன். "யூனியனும் நிர்வாகமும் சேர்ந்து யாரோடு மோதினார்கள்?" என்று மேலாளர் கேட்கிறார். 'வித்' என்றால் 'உடன்' தானே? நான் எழுதியது தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் மேலாளர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. யூனியன் நிர்வாகத்தை எதிர்த்து மோதியது என்றும், நிர்வாகத்தோடு சேர்ந்து மோதியது என்றும் அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். தமிழிலேயே பாருங்கள். 'அண்ணனோடு சண்டை போட்டான்' என்றால் அண்ணன் எதிராளி. 'அண்ணனோடு கோயிலுக்குப் போனான்' என்றால் துணை. உருபு ஒன்றுதான், வினையை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆங்கில 'வித்' வந்த வழி இன்னும் வேடிக்கையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அதன் முக்கியப் பொருளே 'எதிராக' என்பதுதான். 'உடன்' என்று சொல்ல 'மிட்' என்று வேறொரு சொல் இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் 'மிட்' என்றே சொல்கிறார்கள். போகப்போக 'வித்' அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ள, 'மிட்' வழக்கொழிந்தது. 'மிட்வைஃப்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் 'வைஃப்' என்றால் பெண்; ஆக, பிரசவிக்கும் பெண்ணோடு கூட இருப்பவள் மருத்துவச்சி. 'நடு' என்று பொருள்படும் 'மிட்' அல்ல இது. பழைய 'எதிர்' பொருளைப் பார்க்க வேண்டுமா? 'வித்ஸ்டாண்ட்' இருக்கிறதே, எதிர்த்து நிற்பது.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருவோம். எதிர்த்தார்கள் என்றால் 'அகெய்ன்ஸ்ட்' போடுங்கள். தோளோடு தோள் நின்றார்கள் என்றால் 'அலாங்சைட்'. சந்தேகத்துக்கே இடமிருக்காது.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. 'கத்தியால் வெட்டப்பட்டான்', 'திருடனால் வெட்டப்பட்டான்' என்று இரண்டுக்கும் நாம் 'ஆல்' போடுகிறோம். ஆங்கிலத்தில் கருவிக்கு 'வித்', செய்தவனுக்கு 'பை'. 'வித் எ நைஃப்', 'பை எ தீஃப்'.

கல்யாணத்தைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். தமிழில் 'அவரோடு கல்யாணம்' என்கிறோம் என்பதற்காக 'மேரீட் வித்' என்று எழுதிவிடாதீர்கள், 'மேரீட் டு' தான் சரி. அப்படியானால் 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று எழுதுகிறார்களே என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே 'வித்' கல்யாணத்தோடு சேர்ந்ததில்லை. மணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.