எல்டிஓ போட்டதும் லிங்கரின் ராப் ஆப்ஷன் ஏன் வேலை செய்வதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைல் ஆன துண்டுகளை) ஒரே ப்ரோகிராமாக இணைக்கும் லிங்கரின் ராப் (--wrap) ஆப்ஷன் மூலம் ஒரு ஃபங்ஷனை மடக்கி, அதன் இடத்தில் போலி ஒன்றை ஓடவிட்டு டெஸ்ட் எழுதியிருக்கிறீர்கள், சாதாரண பில்டில் உங்கள் போலி ஃபங்ஷன் ஒழுங்காக ஓடுகிறது, லிங்க்-டைம் ஆப்டிமைசேஷனை (எல்டிஓ, அதாவது லிங்க் செய்யும் நேரத்தில் முழு ப்ரோகிராமையும் சேர்த்துப் பார்த்து மேம்படுத்துவது) இயக்கியதும் எந்த எரரும் இல்லாமல் அசல் ஃபங்ஷனே ஓடுகிறது. இதே இடத்தில் நான் நிறைய நாட்களை இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ராப் உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 'ரீட்' என்ற பெயரை ராப் செய்யச் சொன்னால், லிங்கர் ஆப்ஜெக்ட் ஃபைல்களின் சிம்பல் டேபிளில் (பெயர்ப் பட்டியலில்) 'ரீட்' எங்கெல்லாம் வரையறுக்கப்படாத சிம்பலாக, அதாவது "இது என்னிடம் இல்லை, வெளியே தேடு" என்ற நிலையில் இருக்கிறதோ, அங்கெல்லாம் '__ராப்_ரீட்' என்று திருப்பிவிடும். '__ரியல்_ரீட்' என்று கேட்டால் அசலைக் கொடுக்கும். அவ்வளவுதான். வரையறுக்கப்படாத குறிப்புகளை மட்டும்தான் அது தொடும். எல்டிஓ இல்லாமலேயே, ஒரே சி ஃபைலுக்குள் ஃபங்ஷனும் அதை அழைக்கிற இடமும் இருந்தால் ராப் பிடிக்காது, குனு லிங்கரின் கையேடே இதைச் சொல்லி ஒரு சின்ன உதாரணமும் தருகிறது. பலர் அந்தப் பத்தியைப் படிப்பதில்லை, நானும் முதலில் படிக்கவில்லை.

இப்போது எல்டிஓவுக்கு வருவோம். இதில் கம்பைலர் ஆப்ஜெக்ட் ஃபைலில் எழுதுவது மெஷின் கோட் இல்லை, தன் உள்வடிவம்: ஜிசிசி கம்பைலர் என்றால் ஜிம்பிள், கிளாங் கம்பைலர் என்றால் பிட்கோட். லிங்க் செய்யும் நேரத்தில் பிளகின் வழியாக எல்லா ஃபைல்களும் கம்பைலரிடம் திரும்பிப் போகின்றன, அது மொத்தத்தையும் ஒரே பெரிய சி ஃபைலைப் பார்ப்பது போலப் பார்க்கிறது. அதாவது கையேட்டில் சொன்ன அந்த "ஒரே ஃபைலுக்குள்" என்ற விதிவிலக்கு இப்போது உங்கள் முழு ப்ராஜெக்டுக்கும் பொருந்திவிட்டது. ராப் நம்பியிருந்த ஃபைல் எல்லையையே எல்டிஓ அழித்துவிடுகிறது.

இதில் தனித்தனியாக மூன்று விதமாகக் கெடுகிறது, இவற்றைக் குழப்பிக்கொண்டால் தவறான மருந்தைத்தான் போடுவீர்கள்.

ஒன்று, அழைப்பே காணாமல் போவது. ஃபங்ஷன் சின்னதாக இருந்தால் இன்லைன் ஆகிவிடும், அதாவது அதன் கோடே அழைக்கும் இடத்தில் ஒட்டப்பட்டுவிடும், அப்புறம் லிங்கர் திருப்பிவிட அங்கே பெயரே இருக்காது. எல்லோரும் இதை மட்டும் நினைத்து நோஇன்லைன் ஆட்ரிப்யூட்டைப் போடுகிறார்கள், அது போதாது. ஏனென்றால் இரண்டாவது சிக்கல் அப்படியே நிற்கிறது: அழைப்பு உயிரோடு இருந்தாலும், அழைப்பவரும் வரையறையும் ஒரே ஆப்ஜெக்டாக வெளியே வந்தால் அது வரையறுக்கப்படாத குறிப்பு இல்லை, லிங்கர் அதைத் தொடாது. ஜிசிசி 8-ல் வந்த நோஐபிஏ ஆட்ரிப்யூட் இன்லைன், குளோன், கான்ஸ்டன்ட் புகுத்துவது எல்லாவற்றையும் நிறுத்தும், ஆனால் இந்த இரண்டாவது சிக்கலுக்கு அதுவும் மருந்தில்லை. பெரிய ப்ராஜெக்டை ஜிசிசி பல பார்ட்டிஷன்களாகப் பிரித்துத்தான் கோட் உருவாக்குகிறது, எனவே எந்த ஃபங்ஷன் எந்தப் பார்ட்டிஷனில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு அழைப்பு பிடிபடலாம், பக்கத்து அழைப்பு தப்பலாம். சம்பந்தமே இல்லாத ஒரு ஃபைலைச் சேர்த்ததும் டெஸ்ட் நடத்தை மாறினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது நேர் எதிர்ப்பக்கம்: உங்கள் '__ராப்_ரீட்' ஃபங்ஷனே தூக்கி எறியப்படுவது. கம்பைலர் பார்வையில் அந்தப் பெயரை யாருமே அழைக்கவில்லை, எல்லோரும் அழைப்பது 'ரீட்'-ஐ, எனவே வேண்டாத கோட் என்று நீக்கிவிடுகிறது, பின்னர் லிங்கர் அதைத் தேடி "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று கத்துகிறது. யூஸ்டு ஆட்ரிப்யூட் போட்டால் தீரும். மூன்றில் நல்லது இதுதான், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியும்படி உடைகிறது.

மற்ற இரண்டும் அமைதியாக உடைவதுதான் எனக்குப் பயம். நான் வேலை செய்த ஒரு ஃபர்ம்வேர் ப்ராஜெக்டில் ஃப்ளாஷ் எழுதும் ஃபங்ஷனை ராப் செய்து, பாதி எழுதும்போது மின்சாரம் போவது போன்ற தோல்விகளைச் செயற்கையாக உண்டாக்கி மீட்புக் கோடைச் சோதித்தோம். இடம் பத்தவில்லை என்று யாரோ பொதுவான ஃபிளாக்குகளில் எல்டிஓவைச் சேர்த்தார்கள், டெஸ்ட் பில்டும் அதையே எடுத்துக்கொண்டது. எல்லா டெஸ்ட்டும் பச்சையாகவே இருந்தன. போலித் தோல்வி ஒருமுறைகூட நிகழாததால் மீட்புக் கோட் ஓடவே இல்லை, அதனால்தான் பச்சை. பல வாரங்கள் கழித்து உண்மையான போர்டில் டேட்டா கெட்டபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு ராப் ஃபங்ஷனிலும் ஒரு கவுண்டர் இருக்கும், டெஸ்ட் முடிவில் அது பூஜ்யமாக இருந்தால் டெஸ்ட் ஃபெயில். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

சரி, தீர்வு. டெஸ்ட் பில்டுக்கு எல்டிஓ வேண்டியதில்லை என்றால் முழுதாக அணைத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ரிலீஸிலேயே ராப் தேவைப்படுகிறது என்றால் (ராஸ்பெரி பை பிக்கோ போர்டின் எஸ்டிகே, அதாவது டெவலப்மென்ட் கிட், ஃப்ளோட் கணக்குகளுக்கும் பிரின்ட்எஃப்-க்கும் இதையே நம்பியிருக்கிறது), இரண்டு ஃபைல்களை மட்டும் எல்டிஓவிலிருந்து விலக்குங்கள்: அசல் ஃபங்ஷன் இருக்கும் ஃபைல், ராப் ஃபங்ஷன் இருக்கும் ஃபைல். எஃப்-நோ-எல்டிஓ ஃபிளாக்கை அந்த இரண்டுக்கும் கடைசியில் சேர்த்தால் போதும், பின்னால் வருவதுதான் வெல்லும். சிமேக் பில்ட் கருவியில் சோர்ஸ் ஃபைல் அளவில் கம்பைல் ஆப்ஷன் வைக்கலாம். அழைக்கும் பக்கம் எல்டிஓவிலேயே இருக்கட்டும். அசல் வெளியே உண்மையான மெஷின் கோடாக இருப்பதால், எல்டிஓ துண்டிலிருந்து வரும் அழைப்பு மறுபடி வரையறுக்கப்படாத சிம்பலாகிறது, ராப் பிடிக்கிறது. நான் இப்போது செய்வது இதைத்தான், இழப்பது கொஞ்சம் இன்லைன் வாய்ப்பு மட்டுமே.

ஃபேட் ஆப்ஜெக்ட் உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உதவாது. அதில் மெஷின் கோடும் சேர்ந்து இருந்தாலும், எல்டிஓவோடு லிங்க் செய்யும்போது உள்வடிவத்தைத்தான் எடுப்பார்கள். ஆப்ஜெக்ட் ஃபைலைத் திருத்தும் ஆப்ஜ்காப்பி கருவியால் பெயர் மாற்றும் வழியும் எல்டிஓ ஆப்ஜெக்டில் பலிக்காது, உள்வடிவத்துக்குள் பழைய பெயர் அப்படியே கிடக்கும். கிளாங்கையும் எல்எல்டி என்ற லிங்கரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நிலைமை நல்லது, ராப் செய்யப்படும் பெயர்களை லிங்கர் முன்கூட்டியே ஆப்டிமைசருக்குச் சொல்லிவிடுகிறது, அது அவற்றை இன்லைன் செய்யாமல் விடுகிறது. குனு பக்கத்திலும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தங்கள் வந்திருக்கின்றன, எனவே எந்தப் பதிப்பானாலும் ஆப்ஜ்டம்ப் கருவியில் இறுதி பைனரியைப் பிரித்து, அழைப்பு எந்தப் பெயருக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மாலாக், பிரின்ட்எஃப் மாதிரி லைப்ரரி ஃபங்ஷன்களை ராப் செய்கிறவர்களுக்கு ஒன்று. அசல் சி லைப்ரரியில் எல்டிஓவுக்கு வெளியே இருப்பதால் மேலே சொன்ன இரண்டாவது சிக்கல் பெரும்பாலும் வராது, ஆனால் கம்பைலருக்கு இவை பில்டின்களாக, அதாவது என்ன செய்யும் என்று முன்பே தெரிந்த ஃபங்ஷன்களாகத் தெரியும். நியூலைனோடு முடியும் வெறும் சரத்தைப் பிரின்ட்எஃப் செய்தால் அது புட்ஸ் ஃபங்ஷனாக மாறிவிடும், மாலாக் செய்து பயன்படுத்தாமல் ஃப்ரீ செய்தால் இரண்டுமே மறைந்துவிடும். இது எல்டிஓ இல்லாமலும் நடக்கும், எல்டிஓ ஃபைல்களைத் தாண்டிப் பார்ப்பதால் வாய்ப்புக் கூடும். அந்தப் பெயருக்கு மட்டும் பில்டினை அணைக்கும் ஃபிளாக் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

புதிதாக எழுதும் கோட் என்றால் நான் ராப்பையே தவிர்க்கிறேன். ஃபங்ஷன் பாயின்டர் உள்ள ஒரு ஸ்ட்ரக்ட், இல்லையென்றால் டெஸ்ட் பில்டில் வேறு சி ஃபைலை லிங்க் செய்வது, இரண்டுமே சி மொழியின் விதிக்குள் இருப்பதால் ஆப்டிமைசர் அவற்றை மீற முடியாது. உங்கள் ப்ராஜெக்ட் பழையது, கோடைத் தொட முடியாது என்று சொல்லியிருப்பதால் அந்த இரண்டு ஃபைல் வழியிலிருந்து தொடங்குங்கள், முதலில் கவுண்டரைப் போட்டுவிட்டு.