"நாட் டூ பேட்" என்றால் நலமா, நலமில்லையா?

தங்கச்சி, இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறாய். ஓஇடி என்ற மருத்துவ ஆங்கிலத் தேர்வில் நல்ல கிரேடு வாங்கியும் வார்டில் பெரியவர்கள் பேசுவது பிடிபடவில்லை என்கிறாய். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் கசாப்புக்காரர் நாய், மழை, ஃபிடில் என்று ஏதேதோ சொல்கிறார்கள், இதையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா என்று கேட்டிருக்கிறாய். நானும் இதே யார்க்‌ஷயரில் வார்டு வேலை பார்த்து நிலைத்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனப்பாடம் வேண்டாம். "ஃபிட் ஆஸ் எ புட்சர்ஸ் டாக்", "ஃபிட் ஆஸ் எ ஃபிடில்", "ரைட் ஆஸ் ரெயின்" மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான்: ஜம்மென்று இருக்கிறேன். கசாப்புக்காரர் வீட்டு நாய்க்கு இறைச்சிக்குப் பஞ்சமில்லை, அது புரிகிறது. மழைக்கும் உடம்பு நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தேடாதே. சொல்லும்போது மோனை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். "குட் ஆஸ் கோல்ட்", "போல்ட் ஆஸ் பிராஸ்" எல்லாம் அப்படி வாயில் தங்கியவை. நம்மூர்த் தாத்தா "கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்றால் நாம் கல்லைப் பற்றியா யோசிக்கிறோம்? முகத்தையும் குரலையும் பார்த்தால் போதும், நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனி. "கிளியர் ஆஸ் மட்" என்றால் சேறு மாதிரி தெளிவு, அதாவது ஒன்றுமே புரியவில்லை. டாக்டர் ஆபரேஷனைப் பற்றி விளக்கிவிட்டுப் போன பிறகு, படுக்கையில் இருப்பவர் சிரித்துக்கொண்டே உன்னிடம் இதைச் சொல்லலாம். நீயும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதே. புரியாமலே அவர் கையெழுத்துப் போடக்கூடும். டாக்டரிடம் சொல்லி இன்னொரு முறை விளக்க வை.

ஆனால் நீ உண்மையில் காது கொடுக்க வேண்டியது உவமைகளுக்கு அல்ல, சின்னச் சின்ன ஒப்பீடுகளுக்கு. "குட் பி வர்ஸ்" (இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்), "நாட் டூ பேட்", "நாட் ஆஸ் குட் ஆஸ் யெஸ்டர்டே". இந்த ஊர்க்காரர்கள், அதிலும் வயதானவர்கள், உடம்பைப் பற்றிக் குறைத்துத்தான் சொல்வார்கள். "நாட் டூ பேட்" என்பது பெரும்பாலும் நலம்தான். "குட் பி பெட்டர்" (இன்னும் நன்றாக இருந்திருக்கலாம்) என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து விசாரி, நிஜமாகவே முடியாமல் இருக்கலாம். யார்க்‌ஷயர்த் தாத்தா "நோபட் மிட்லின்" என்றால் சுமார்தான், சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்று எடுத்துக்கொள்.

"பெட்டர்" என்ற சொல்லும் ஆளைக் குழப்பும். "இன்னிக்குத் தேவலை" என்று நாம் சொல்வது "எ பிட் பெட்டர்". வெறுமனே "ஹி இஸ் பெட்டர்" என்றால் முழுக்கக் குணமாகிவிட்டார் என்றும் ஆகும். ராத்திரி மகள் போன் பண்ணி அப்பா எப்படி என்று கேட்கும்போது அப்படிச் சொன்னால், காலையில் வீட்டுக்கு அழைத்துப்போகப் பையோடு வந்து நிற்பாள். "நேற்றைவிடக் கொஞ்சம் தேவலை" என்று முழுதாகவே சொல். உடம்பு சரியில்லை என்கிற "புவர்லி"யும் அப்படித்தான். வீட்டில் சளி பிடித்த பிள்ளையும் புவர்லி; வார்டில் டாக்டர் "வெரி புவர்லி" என்றால் உயிருக்கே ஆபத்தான நிலை. அப்புறம், "ஓல்ட் லேடி" என்று சொல்லாதே, "ஓல்டர் லேடி" என்று சொல். இலக்கணப்படி "இன்னும் வயதானவர்" போலத் தோன்றினாலும் அதுதான் மரியாதை.

ஒப்பீட்டை இங்கே மருத்துவமும் சும்மா விடவில்லை. நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்க நீ தினமும் புள்ளி போடுகிற நியூஸ்2 அட்டவணையில், மனக்குழப்பம் புதிதாக வந்ததென்றால் 3 புள்ளி, அதுவும் 2017 திருத்தத்தில்தான் சேர்ந்தது. அது புதிதா பழையதா என்று உனக்கு எப்படித் தெரியும்? "ஷி இஸ் நாட் ஹெர்செல்ஃப் டுடே" (அம்மா இன்னிக்கு வழக்கம்போல இல்லை) என்று மகள் சொல்வதில்தான் தெரியும். அம்மாவை அம்மாவோடேயே ஒப்பிட அவளால்தான் முடியும். 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் படிப்படியாக வந்த மார்த்தாஸ் ரூல் என்ற ஏற்பாட்டின் அடிப்படையும் இதுதான். மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021-இல் செப்சிஸ் என்ற கடுமையான தொற்றுப் பாதிப்பில் இறந்துபோனாள். பிள்ளை மோசமாகிறாள் என்று பெற்றோர் சொன்னதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. இப்போது நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தினமும் உடம்பு எப்படி இருக்கிறது, தேவலையா, மோசமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "எ பிட் வர்ஸ்" என்று மெதுவாகச் சொன்னாலும் அதை விட்டுவிடாதே.

உவமையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் வலி. நெஞ்சில் யானை உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றால் இதயமாக இருக்கலாம், உடனே ஆளைக் கூப்பிடு. திடீரென்று தலையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி வலி என்றால் மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம், அதற்கும் காத்திருக்காதே. எழுதும்போது உன் ஆங்கிலத்துக்கு மாற்றாமல், அவர் சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுது. டாக்டருக்கு அதுதான் பயன்படும்.

நீ பேசும்போது உவமை போட வேண்டுமா? அவசரமில்லை. "டெஃப் ஆஸ் எ போஸ்ட்" (காது சுத்தமாகக் கேட்காது), "பிளைண்ட் ஆஸ் எ பேட்" (கண் சுத்தமாகத் தெரியாது) என்று பெரியவர்கள் தங்களைப் பற்றியே சொல்லிச் சிரிப்பார்கள். நாம் அவர்களைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. தைரியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றால் "குட் ஆஸ் கோல்ட்". அம்மா ராத்திரி எப்படி இருந்தார் என்று மகள் கேட்டால், தொந்தரவில்லாமல் இருந்திருக்கும் பட்சத்தில், இதைச் சொல்லிப் பார். உன்னை "யூ ஆல்ரைட்?" என்று யாராவது கேட்டால் நலம் விசாரிப்பு என்று நினைத்து விவரம் சொல்ல ஆரம்பிக்காதே. "நாட் டூ பேட், யூ?" போதும்.